ஃபான் குடும்பத்துப் பூட்டு

எங்கள் தொழில்காரர்கள் நிங்போவுக்குப் போவது மோல்டிங் மெஷின் பார்க்க. வாளி, குடம், நாற்காலி என்று பிளாஸ்டிக்கில் எதை வார்ப்பதானாலும் மெஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு நடை போய் வருவது வழக்கமாகிவிட்டது. மெஷினைப் பார்த்து, விலை பேசி, ராத்திரியே ஷாங்காய்க்குக் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு நடுவில் ஓர் ஏரி இருப்பதும், அதன் மேற்குப் பக்கத்தில் 1566-இல் கட்டி முடித்த ஒரு வீட்டு நூலகம் இன்னும் நிற்பதும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. டாக்சிக்காரரிடம் ‘தியன்யீ’ என்று மட்டும் சொன்னால் தியன்யீ சதுக்கத்தில், ஷாப்பிங் மால்களுக்கு நடுவே இறக்கிவிடுவார். ‘தியன்யீ கே’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். மெட்ரோவில் போனால் ஷிமென்கோ நிலையம், அங்கிருந்து நடை.

ஏரியை முதலில் சொல்லிவிடுகிறேன். நிங்போ கடலுக்குப் பக்கத்து ஊர். ஊரை ஒட்டி ஓடும் யோங் ஆற்றில் கடலோதம் ஏறும், தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் மேற்கே சிமிங் மலையிலிருந்துதான் வர வேண்டும். தாங் வம்சக் காலத்தில், 636-இல், ஊருக்குள் ஏரி வெட்டினார்கள். 833-இல் வாங் யுவான்வெய் என்ற அதிகாரி மலையடிவாரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கல்லணை எழுப்பினார். தாஷான் அணை என்று பெயர். கீழேயிருந்து ஏறி வரும் உப்பு நீரை அது மறித்தது. மேலேயிருந்து வரும் நன்னீரை வாய்க்காலில் திருப்பி ஊருக்கு அனுப்பியது. அந்த அணை இன்றும் இருக்கிறது. ஆக, இன்று மணப்பெண்கள் வெள்ளை கவுனோடு போட்டோ எடுத்துக்கொள்ளும் நிலா ஏரி, பிறந்தபோது ஊரின் குடிதண்ணீர்த் தொட்டி.

11ஆம் நூற்றாண்டின் கடைசியில், சோங் வம்சத்தார் காலத்தில், ஏரியைத் தூர் வாரி, அள்ளிய மண்ணைக் கொட்டிப் பத்துத் திட்டுகள் ஆக்கினார்கள். வில்லோ நட்டார்கள், பூச்செடி வைத்தார்கள். தண்ணீரும் நிழலும் இருக்கிற இடத்தைப் பெரிய மனிதர்கள் விடுவார்களா? தென் சோங் காலத்துப் பிரதம அமைச்சர் ஷி ஹாவோ இங்கேதான் வீடு கட்டினார். கொரியாவிலிருந்து வரும் தூதர்கள் தங்க 1117-இல் கீழ்க்கரையில் ஒரு மாளிகை எழுந்தது. பதின்மூன்று வருஷத்தில் வடக்கேயிருந்து வந்த ஜின் படை அதைக் கொளுத்தியது. அதன் அடித்தளத்தை 1999-இல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கரையோரமாகவே நடந்தால் 1699-இல் மறுபடி கட்டிய ஒரு பள்ளிவாசலும் வரும். துறைமுக ஊர் என்றால் அப்படித்தான், எல்லாரும் வந்து போன தடம் இருக்கும்.

நம் கதைக்கு முக்கியம், இந்த ஏரிக்கரையில் புத்தகம் சேர்ப்பது ஒரு குடும்பப் பெருமையாக இருந்தது. சோங் காலத்திலேயே தெற்கே லோ குடும்பம், வடக்கே ஷி குடும்பம் என்று இரண்டு புத்தக வீடுகளை ஜோடியாகச் சொல்வார்கள். மிங் காலத்தில் ஃபெங் குடும்பத்தின் ‘பத்தாயிரம் ஏட்டு மாடி’. 19ஆம் நூற்றாண்டில் மேல்கரையில் ஷூ ஷிதோங் என்பவர் சேர்த்தது கொள்ளையிலும் தீயிலும் அடுத்தடுத்துப் போனது. ஒன்றுகூடத் தங்கவில்லை. பிள்ளைகள் விற்றார்கள், வேலைக்காரர்கள் திருடினார்கள், மெழுகுவர்த்தி சாய்ந்தது. இத்தனைக்கும் நடுவில் தங்கியது ஃபான் குடும்பத்தின் தியன்யீ கே ஒன்றுதான். சீனாவில் இன்று நிற்கும் வீட்டு நூலகங்களிலேயே பழையது இதுதான். எப்படித் தங்கியது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் படிப்பாளி இல்லை. ஆனால் சரக்கு எப்படிக் கெடும், குடும்பச் சொத்து எப்படிக் கரையும் என்பது தெரிந்தவன்.

ஃபான் சின் 1506-இல் பிறந்தவர். 1532-இல் பேரரசின் உயர்ந்த தேர்வில் தேறினார். பொதுப்பணி அமைச்சகத்தில் இருக்கையில் அரண்மனைக் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த குவோ ஷுன் என்ற பிரபுவோடு மோதி, அரசவையில் பிரம்படி வாங்கிச் சிறையும் போனார். வெளியே வந்த பிறகும் பெரிய இடத்தோடு மோதும் குணம் போகவில்லை. ஜியாங்ஷி, குவாங்ஷி, ஃபூஜியான், யுன்னான், ஷான்ஷி, ஹெனான் என்று ஊர் ஊராக மாற்றல். 1560-இல் போர் அமைச்சகத்தில் துணை அமைச்சர் பதவி கிடைத்தது, அதே வருஷம் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் அவர் வாங்கியதைப் பாருங்கள். அந்தக் காலத்துப் புத்தகப் பிரியர்களுக்குச் சோங் வம்சத்துப் பழைய அச்சுப் பிரதி என்றால் உயிர். இவர் அதையும் வாங்கினார்தான். ஆனால் மூட்டை மூட்டையாகச் சேர்த்தது வேறு: மாவட்ட கெசட்டியர்கள், தேர்வில் தேறியவர்களின் பட்டியல்கள், அரசாங்க ஆணைத் தொகுப்புகள், சமகாலத்தவரின் எழுத்துகள். இன்ன மாவட்டத்தில் எத்தனை பாலம், எந்த வருஷம் வெள்ளம், வரி எவ்வளவு, கோயில் யார் கட்டியது என்று சொல்லும் நூல்கள். தேர்வுப் பட்டியலில் தேறியவனின் பெயர், வயது, ஊர், அப்பா, தாத்தா, முப்பாட்டன் என்று மூன்று தலைமுறை இருக்கும். அன்றைக்கு இதெல்லாம் ஆபீஸ் காகிதம். புது கெசட்டியர் வந்தால் பழையது குப்பைக்குப் போகும். பிரம்படி பட்ட ஓர் அதிகாரிக்கு ஆபீஸ் காகிதத்தின் அருமை வேறு மாதிரித் தெரிந்திருக்கலாம். இது என் ஊகம்.

நல்ல பழைய பிரதிகள் அவருக்கு வந்ததில் ஒரு பங்கு, பக்கத்து வீட்டுத் துயரத்தில் வந்தது. அந்தப் ‘பத்தாயிரம் ஏட்டு மாடி’யின் ஃபெங் ஃபாங் கையெழுத்துக் கலையில் கெட்டிக்காரர். பழைய நூல் என்று சொல்லித் தானே எழுதிப் புழங்கவிடுவதிலும் பெயர் போனவர். புத்தகத்துக்கும் கல்வெட்டுப் படிகளுக்கும் நிலத்தை விற்றார். வயதான காலத்தில் புத்தி பேதலித்துப்போக, சோங் காலத்துப் பிரதிகளில் பத்துக்கு ஆறை மாணவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தீ. மிஞ்சியதை ஃபான் சின் வாங்கினார். பக்கத்திலேயே இருந்து இதையெல்லாம் பார்த்தவர், தான் கட்டும் கட்டடத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

முதலில் குளம் வெட்டினார். 1561-இல் தொடங்கி 1566-க்குள் குளத்துக்கு வடக்கே இரண்டு தளக் கட்டடம். ‘வானத்தின் ஒன்று நீரைப் பிறப்பிக்கும், பூமியின் ஆறு அதை நிறைவாக்கும்’ என்று ‘யி ஜிங்’ நூலின் பழைய விளக்கம் ஒன்று சொல்கிறது. அந்த ‘வானத்தின் ஒன்று’தான் தியன்யீ. அதற்கேற்ப மேல்தளம் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கூடம், கீழ்த்தளம் ஆறு கட்டு. சாஸ்திரத்துக்கு ஒன்றும் ஆறும், தீயணைக்கக் குளம். குளத்துத் தண்ணீர் பூமிக்கடியில் நிலா ஏரியோடு சேருகிறது என்று அங்கே சொல்கிறார்கள். குளத்தைச் சுற்றியுள்ள பாறைகளைக் கொள்ளுப்பேரன் தலைமுறையில் 1665-இல் அடுக்கினார்கள். ஒன்பது சிங்கமும் ஒரு யானையும் தெரியும் என்றார்கள். எனக்கு யானை மட்டும் தெரிந்தது.

கட்டடத்தின் உள்ளமைப்பு நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு பேரரசர். 1774-இல் சியான்லோங் பேரரசர் காதுக்கு, தியன்யீ கே முழுக்கச் செங்கல்லால் கட்டியது, தீக்கு அஞ்சாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹாங்சோவில் அரசுப் பட்டு நெசவைக் கவனித்த யின்சு என்ற அதிகாரியை, போய்ப் பார்த்து அளவெடுத்து அனுப்பு என்றார். யின்சு அனுப்பிய அறிக்கையைப் படித்தால் சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் எவனுக்கும் கை துறுதுறுக்கும். இடது வலது பக்கச் சுவர் மட்டும்தான் செங்கல், மற்றதெல்லாம் மரம். முன்னும் பின்னும், மேலும் கீழும் ஜன்னல். மேல்தளத்தின் மேற்கோரக் கட்டில் படிக்கட்டு. கிழக்கோரக் கட்டு சுவரை ஒட்டி இருப்பதால் ஈரம் ஏறும் என்று அங்கே ஒரு புத்தகமும் வைக்கவில்லை, காலி. நடு மூன்று கட்டில் பத்துப் பெரிய அலமாரி. அதில் ஆறுக்கு முன்புறமும் பின்புறமும் கதவு, காற்று ஊடுருவட்டும் என்று. மேற்கே இன்னொரு கட்டில் நடுத்தர அலமாரி பன்னிரண்டு. ஒவ்வொரு அலமாரிக்கு அடியிலும் ஈரம் இழுக்க ஒரு கல்.

கல் எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தக் காலியான கிழக்குக் கட்டுக்குத் தலை வணங்குகிறேன். இடம் இருந்தால் நிரப்பத் துடிப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். நிங்போவில் ஜூன் மாதம் ‘பிளம் மழை’ பிடித்தால் நாள்கணக்கில் விடாது. துணியெல்லாம் பூஞ்சணம் பூக்கும். மழை ஓய்ந்த பிறகு புத்தகங்களை எடுத்துக் காற்றாடப் போடுவார்கள். பக்கங்களுக்கு நடுவே பூச்சி வராமல் வாசனைப் புல் வைப்பார்கள்.

தீக்கும் ஈரத்துக்கும் புழுவுக்கும் வழி பண்ணியாயிற்று. வாரிசுகளுக்கு?

ஃபான் சின் யாருக்கும் புத்தகம் இரவல் தருகிறவர் அல்ல. அண்ணன் தம்பி வழியில் மகன் முறையான ஃபான் தாச்சே கேட்டார், பெரியவர் கொடுக்கவில்லை. அவர் ரோஷக்காரர். தானே ஊரெல்லாம் தேடிப் புத்தகம் சேர்த்தார். பெரியவரிடம் இல்லாத பிரதி ஒன்று கையில் சிக்கினால் போதும், வீட்டில் விருந்து வைப்பார். சாப்பாட்டு மேஜையில் அந்தப் புத்தகம் தற்செயலாகக் கிடப்பதுபோல் கிடக்கும். ஃபான் சின் எடுத்துப் புரட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவாராம்.

1585-இல் சாகிற நேரத்தில் சொத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் பத்தாயிரம் தேல் வெள்ளி. இன்னொரு பக்கம் எழுபதாயிரம் ஜுவான் புத்தகம் (ஜுவான் என்பது அவர்களுடைய அத்தியாயக் கணக்கு, ஒரு நூலில் பல ஜுவான் இருக்கும்). எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இளைய மகன் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார். அவருடைய மனைவி வெள்ளியை எடுத்துக்கொண்டார். மூத்த மகன் ஃபான் தாச்சோங் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். மூத்தவருக்குப் புகழ், இளைய மருமகளுக்குப் பழி என்று கதை சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புருஷனை இழந்த பெண் எழுபதாயிரம் ஜுவானை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? புத்தகத்தை எடுத்தவர் உண்மையில் எடுத்துக்கொண்டது செலவை. கூரை மாற்ற வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும், விற்கக் கூடாது. என் தாத்தா வைத்த ஜின்னிங் மில்லை மூன்று பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் குறை வைக்கவில்லை, பத்திரமெல்லாம் சுத்தம். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். சொத்துப் பிரிப்பதில் தாத்தாவை விட ஃபான் சின் கொடுமைக்காரர், அதனால்தான் அவருடைய கட்டடம் நிற்கிறது.

தலைமுறை மாறினாலும் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது, புத்தகம் மாடியை விட்டு இறங்கக் கூடாது என்பது குடும்பச் சட்டம் ஆயிற்று. வம்சம் கிளைவிட்டதும் கதவுச் சாவியும் அலமாரிச் சாவிகளும் கிளைக்கு ஒன்றாகப் போயின. எல்லாக் கிளையும் கூடி வந்தால்தான் பூட்டுத் திறக்கும். ஒருவனுக்குக் கடன் முற்றி ராத்திரியில் ஆசை வந்தாலும் பலிக்காது. தண்டனைகளையும் பலகையில் எழுதி வைத்தார்கள்: காரணமில்லாமல் கதவைத் திறந்தால் மூன்று முறை முன்னோர் வழிபாட்டில் இடமில்லை, உறவினரையோ நண்பரையோ மாடிக்கு அழைத்துப் போனால் ஒரு வருஷம் இல்லை, வெளியாளுக்கு இரவல் கொடுத்தால் மூன்று வருஷம் இல்லை, அடகு வைத்தால், விற்றால் வம்சத்திலிருந்தே தள்ளிவைப்பு. புகையும் மதுவும் மாடி ஏறக் கூடாது என்று தனிப் பலகை. போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. பாட்டன் முப்பாட்டனுக்குச் சோறு வைக்கிற அன்று நீ வாசலில் நில் என்பதுதான் தண்டனை. குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று புரியும்.

இந்தப் பூட்டுக்கு வெளியே நின்று செத்துப்போனதாக ஒரு பெண்ணைச் சொல்கிறார்கள். என்னோடு வந்திருந்த ஏற்றுமதிக் கம்பெனிப் பெண், நுழைவாயிலைத் தாண்டியதுமே கேட்டார்: “சார், சியான் ஷியூயுன் கதை தெரியுமா?” 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நிங்போ ஆளுநரின் உறவுக்காரப் பெண், புத்தகப் பைத்தியம். தியன்யீ கேயில் வைக்கும் வாசனைப் புல் வடிவத்தையே துணியில் பூவேலையாகப் போட்டுக்கொண்டிருப்பாராம். மாடியில் உள்ளதைப் படிக்கலாம் என்று ஃபான் குடும்பத்துப் பையனையே கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, பெண்கள் மாடி ஏறக் கூடாது. ஏங்கியே இறந்தார். “அவங்க புருஷன் ஒரு புத்தகம் கூடவா கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டார்?” என்று அந்தப் பெண்ணே கேட்டு, அவரே “எல்லாச் சாவியும் வேணுமே” என்று பதிலும் சொல்லிக்கொண்டார். அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருவர் எழுதிவைத்த கதை இது. கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாம். ஆனால் விதியின் கொடுமையில் ஒரு துளியும் கூட்டவில்லை.

வெளியாள் முதன்முதலில் ஏறியது 1673-இல். ஹுவாங் சோங்ஷி என்ற அறிஞர், சீனாவைப் பிடித்த மஞ்சுக்களை எதிர்த்துப் போராடியவர், அவர்களுடைய புதிய அரசில் உத்தியோகம் ஏற்காதவர். ஃபான் குவாங்ஷியே என்ற வாரிசு மற்றக் கிளைகளைச் சம்மதிக்க வைத்து அவரை மாடிக்கு அழைத்துப் போனார். ஹுவாங் வெளியில் கிடைக்காத நூல்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டார், பின்னால் அந்த நூலகத்தைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். அதன் பிறகு பெரிய அறிஞர்களுக்கு மட்டும் எப்போதாவது கதவு திறந்தது. 1808-இல் ருவான் யுவான் அச்சிட்ட பட்டியலில் 4,094 நூல்கள்.

அதற்குள் முதல் பெரிய இழப்பு நடந்து முடிந்திருந்தது. திருடனால் அல்ல, மரியாதையோடு வந்த ராஜாவால். சியான்லோங் நாட்டிலுள்ள நூல்களையெல்லாம் திரட்டி ‘சிகு சுவான்ஷு’ என்ற மாபெரும் தொகுப்பைச் செய்யத் தொடங்கினார். ஃபான் மாவோசு 638 நூல்களைக் கொடுத்தார். ராஜா கேட்டால் பூட்டும் சாவியும் என்ன செய்யும்? பாராட்டி, பத்தாயிரம் ஜுவான் கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அது நான்கே குடும்பங்களுக்குக் கிடைத்த பரிசு. கொடுத்த புத்தகங்களில் பெரும்பாலானவை திரும்பவில்லை.

யின்சுவின் அளவுகளை வைத்து அந்தத் தொகுப்புக்கு ஏழு நூலகங்கள் எழுந்தன. பெய்ஜிங் அரண்மனைக்குள் 1776-இல் முடித்த வென்யுவான் கே, ஆறு கட்டு, நீரின் நிறமென்று கூரைக்குக் கறுப்பு ஓடு. இந்த ஏழில் ஒன்றை 1860-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கோடைக்கால அரண்மனையோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். யாங்சோவிலும் சென்ஜியாங்கிலும் இருந்தவை தைப்பிங் கிளர்ச்சிப் போரில் எரிந்தன. தீக்குத் தப்பும் கட்டடம் என்று பார்த்துச் செய்த நகல்கள் எரிந்தன, பழைய மரக்கட்டடம் எரியவில்லை. ஆறுக்கும் ஒன்றுக்கும் அதில் பங்கில்லை. தியன்யீ கேயில் ராத்திரியில் விளக்கோடு யாரும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

1841 அக்டோபரில் அபினிப் போரில் ஆங்கிலேயர் நிங்போவைப் பிடித்தார்கள். தியன்யீ கேக்குள் புகுந்து பேரரசின் புவியியல் தொகுப்பையும் வேறு புவியியல் நூல்கள் சிலவற்றையும் எடுத்துப்போனார்கள். புதிதாகப் பிடித்த நாட்டுக்கு வரைபடம் வேண்டுமே. அந்தப் படையில் மெட்ராஸ் பீரங்கிப் படையும் மெட்ராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பையன்கள் சம்பளத்துக்குப் போய் இந்த ஏரிக்கரையில் ஒரு குளிர்காலம் இருந்திருக்கிறார்கள். அங்கே சுற்றிப் பார்க்கையில் இது எனக்கு நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது. உடன் வந்த பெண்ணிடம் சொல்லவில்லை.

1861-இல் தைப்பிங் படை ஊருக்குள் வந்த குழப்பத்தில் உள்ளூர்த் திருடர்கள் பின்சுவரை உடைத்துப் புத்தகங்களைக் காகிதம் செய்பவர்களுக்கு எடைக்குப் போட்டார்கள். ஃபான் பாங்சுய் என்பவர் பின்னாலேயே ஓடிச் சிலவற்றைப் பணம் கொடுத்து மீட்டார்.

ஆனால் திருட்டு என்றால் 1914-இல் நடந்ததுதான். ஷுவே ஜிவெய் என்பவன் கூரை ஓட்டைப் பிரித்து மாடிக்குள் இறங்கினான். பகலில் உள்ளேயே படுத்துத் தூங்குவான். ராத்திரியில் வேலை. சாப்பாட்டுக்கு மடியில் கட்டிக்கொண்டுபோன இலந்தைப் பழம். கிழக்குச் சுவருக்கு வெளியே தண்ணீரில் சின்னப் படகு ஒன்று காத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அப்படி இறங்கி, ஷாங்காய்ப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முந்நூற்றைம்பது வருஷமாக எந்த அறிஞனும் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அந்த மாடியில் இருந்ததில்லை. அவன் பிடிபட்டுச் சிறையிலேயே செத்தான்.

ஷாங்காயில் கமர்ஷியல் பிரஸ் பதிப்பகத்தின் ஜாங் யுவான்ஜி, புத்தகங்கள் வெளிநாட்டுக்குப் போய்விடக் கூடாது என்று பெரும் பணம் கொடுத்து அவற்றில் நிறைய வாங்கினார். தம் பதிப்பகத்தின் கிழக்கத்திய நூலகத்தில், அதுவும் தீப்பிடிக்காத புதுமாதிரிக் கட்டடத்தில் வைத்தார். 1932 ஜனவரி 29 அன்று ஜப்பான் விமானங்கள் பதிப்பகத்தின் மேல் குண்டு போட்டன. சில நாளில் நூலகத்துக்கும் தீ வைத்தார்கள். நாலரை லட்சத்துக்கும் அதிகமான புத்தகங்கள் சாம்பல். வங்கிப் பெட்டகத்தில் முன்கூட்டியே வைத்திருந்த ஐந்நூற்றுச் சொச்சம் அரிய நூல்கள் மட்டும் பிழைத்தன.

அடுத்த வருஷம் புயலில் தியன்யீ கேயின் சுவர் சரிந்தது. பழுதுபார்க்க ஃபான் குடும்பத்திடம் பணம் இல்லை. ஊர்க்காரர்கள் சந்தா பிரித்தார்கள். அப்போதுதான் பூட்டு உண்மையில் குடும்பத்தின் கையை விட்டு ஊரின் கைக்கு வந்தது. பின்புறத் தோட்டத்தில் பழைய கன்பூசியப் பள்ளியின் மாடியையும் கல்வெட்டுகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கல்வெட்டு வரிசையில் 1167-ஐச் சேர்ந்த மூன்று கற்களைத் தேடிப் பாருங்கள்: ஜப்பானில் ஹகாதா துறைமுகத்தில் குடியேறிய சீனர்கள் மூவர், இங்கே கோயில் பாதைக்கு ஆளுக்கு ஒரு சாங், அதாவது சுமார் மூன்று மீட்டர் நீளம் போட, பத்துப் பத்துக் கோவைக் காசு அனுப்பியிருக்கிறார்கள். கல் மங்கிவிட்டது, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வளாகத்தில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது அதுதான். மற்றபடி 1920-களில் ஒரு பணக்காரக் குடும்பம் கட்டிய, சிவப்பும் பொன்னுமாக மின்னும் நாடக மேடையும் மாஜோங் சூதாட்டத்துக்கு ஒரு கண்காட்சியும் உள்ளே இருக்கின்றன. கூட்டம் அங்கேதான்.

1949-இல் எண்ணிப் பார்த்தபோது பழைய எழுபதாயிரம் ஜுவானில் மிஞ்சியது சுமார் பதின்மூவாயிரம். இன்று நூலகத்தில் சுமார் மூன்று லட்சம் ஜுவான். நடுவில் நடந்தது இதுதான்: பூட்டு ஊருடையதாக ஆனதும் மற்ற வீடுகள் தங்கள் அலமாரிகளைக் கொண்டுவந்து கொட்டின. 1930-களில் இங்கே பட்டியல் போட்ட ஃபெங் சென்சுன் குடும்பம் 1962-இல் லட்சம் ஜுவான் கொடுத்தது. 1979-இல் ஜூ சான்சிங் குடும்பம் இன்னொரு லட்சம். புத்தகங்களெல்லாம் இப்போது குளிரூட்டிய தனிக் கட்டடத்தில். பழைய மாடி காலி. அதன் படியில் இன்றும் உங்களையும் என்னையும் ஏற விடுவதில்லை.

அந்தப் பதின்மூவாயிரத்தில் என்ன மிஞ்சியது என்பதைத்தான் நான் கடைசியில் வைத்திருக்கிறேன். ஃபான் சின் மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஆபீஸ் காகிதங்களில் மிங் கால கெசட்டியர் 271, தேர்வுப் பட்டியல் 370. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உலகில் வேறு பிரதி இல்லை. சோங் அச்சுப் பிரதிகள் தைவானிலும் டோக்கியோவிலும் பெய்ஜிங்கிலும் உண்டு. ஆனால் ஒரு மலை மாவட்டத்தில் 1540-இல் எத்தனை குடித்தனம், விவசாயி மகன் எவன் தேறினான் என்று கேட்டால் இங்கேதான் வர வேண்டும்.

இன்னும் ஒன்று. பட்டியலில் ‘அலுவலர் தர விதிகள்’ என்று ஒரு கையெழுத்துப் பிரதி நெடுங்காலமாகக் கிடந்தது. 1998-இல் ஷாங்காயைச் சேர்ந்த சட்ட வரலாற்று ஆய்வாளர் தாய் ஜியான்குவோ அதைப் பிரித்துப் பார்த்தபோது, அது 1029-இல் சோங் அரசு தொகுத்த ‘தியன்ஷெங்’ சட்ட நூலின் கடைசிப் பத்துப் பகுதிகள் என்று கண்டுகொண்டார். தொலைந்தே போனது என்று எல்லாரும் கைவிட்ட நூல். அதைவிடப் பெரிய விஷயம், அதைத் தொகுத்தவர்கள் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும், இவை இப்போது நடைமுறையில் இல்லை என்று தாங் காலத்துப் பழைய விதிகளையும் தூக்கிப் போடாமல் எழுதி வைத்திருந்தார்கள். நிலம், வரி, களஞ்சியம், கால்நடை, சந்தை, மருத்துவம், கட்டடப் பழுது எல்லாவற்றுக்கும் விதி. தாங் சட்டத்தின் துண்டு துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்த்து நீதா நோபோரு என்ற ஜப்பானிய அறிஞர் 1933-இல் ஒரு பெரிய நூலே போட்டிருந்தார். அவர் ஊகித்து வைத்த இடங்களுக்கு மூல வாசகம் இந்த அலமாரியில் இருந்தது.

2006-இல் பெய்ஜிங்கின் சோங்ஹுவா ஷூஜு அதைத் திருத்தி, அடிக்குறிப்போடு இரண்டு தொகுதிகளாக அச்சிட்டது. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். ஃபான் குடும்பத்துப் பலகையின்படி பார்த்தால், அதை வெளியாளிடம் கொடுத்தவருக்கு மூன்று வருஷம் முன்னோர் வழிபாட்டில் இடமில்லை.